சோம்பேறி நகர்ந்த பிறகு

ஓர்வெனின் வீட்டின் மேல் சோம்பேறி ஏறியபோது அவன் தாடி கறுப்பு. சோம்பேறி என்பது அந்தப் பாலையின் மணல்குன்றுகளிலேயே மெதுவாக நகர்வது. அதற்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஓர்வெனைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் குன்றுக்கு வேறு பெயர் தேடியிருப்பார்கள்.

குன்று வருவது தெரிந்தால் மற்றவர்கள் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் வீடு கட்டுவார்கள். ஓர்வென் கட்டவில்லை.

"வந்தது போகாமலா இருக்கும்?" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு அக்கா தில்மாவின் வீட்டுக்கு வந்தான். வந்தவன் அங்கேயே நரைத்தான்.

வேலை செய்யாதவன் என்று சொல்லிவிட முடியாது. காலையில் தரவை என்ற உப்புவெளியில் உப்பு வெட்டுவான். அப்புறம் குன்றின் அடியில் உட்கார்ந்து அது நகர்கிறதா என்று பார்ப்பான். சாப்பிடும்போது அக்காவிடம் சொல்வான்.

"கூரை முனை தெரியுதுக்கா."

"போன வருசமும் இதான் சொன்னே. கூழு இன்னும் ஊத்தவா, இல்ல உன் வீட்ல போய்க் குடிக்கிறியா?"

"ஊத்து."

இந்தக் கோடையில் கதவே வெளியே வந்தது. அவன் கேட்பதற்கு முன்பே தில்மா பாயைக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள். ஊரும் பின்னால் போனது. ஓர்வென் கதவைத் தள்ளினான். உள்ளே ஏதோ சீறியது.

மணல்வாரி. ஆட்டுக்கடா உயரம், ஆறு கால், முறம் மாதிரி வாய். அவனுடைய அடுப்படியில் குட்டி போட்டிருந்தது.

ஊருக்கு ஒரே சந்தோஷம். மணல்வாரி குட்டி போடும் இடத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கும். விரட்டினால் தண்ணீரும் கீழே இறங்கிவிடும். அதனால் அது தங்கும் இடம் அதனுடையது என்று விட்டுவிடுவார்கள்.

"குடுத்து வச்சவன்டா நீ," என்றாள் ஊர்த்தலைவி மாரூக். "வீட்டுக்குள்ளேயே தண்ணி."

"அப்ப எனக்கு வீடு?"

"அத அதுகிட்ட கேளு. சேத்துக்கிட்டா இரு. கடிச்சா அக்கா வீட்டுக்கே ஓடி வந்துரு."

தில்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"போய்க் கேளுடா," என்றாள் அவள். "பணிவா கேளு. என்கிட்ட கேக்கிற மாதிரி கேக்காத."

ஓர்வென் தவழ்ந்து உள்ளே போனான். அந்தச் சுவர்கள் அவனே மண் குழைத்து எழுப்பியவை. இத்தனை வருஷம் அவன் வேறு வீடு கட்டாததற்கு அது ஒன்றுதான் காரணம், யாரிடமும் சொன்னதில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் சுவரோரம் படுத்துக்கொண்டான். படுப்பது அவனுக்குப் பழகிய வேலை.

மணல்வாரி வந்து அவனை முகர்ந்தது. மணலை வாரி அவன் காலில் கொட்டியது. பிறகு வயிற்றில்.

"அக்கா! பொதைக்குதுக்கா!"

"அசையாத!" என்று கத்திவிட்டு மாரூக் வாசலில் குனிந்து பார்த்தாள். அவனுக்கு அப்பால் மூன்று குட்டிகள் கழுத்துவரை மணலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. வெயில் நேரத்தில் மணல்வாரி தன் பிள்ளைகளை இப்படித்தான் மூடி வைக்கும்.

"சேத்துக்கிச்சு," என்றாள் மாரூக்.

"பாவம், அந்தச் சீவன்," என்றாள் தில்மா. "இத்தனை நாளா நான் பட்டேன்."

மணல் கழுத்துக்கு வந்துவிட்டது. ஓர்வென் எழப் பார்க்கவில்லை.

"டேய், வலிக்குதா?" தில்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

உள்ளேயிருந்து குறட்டைதான் வந்தது. அவன் தன் வீட்டில் தூங்கிவிட்டிருந்தான்.