ஒன்றிலிருந்து எண்ணியவர்

சரோஜாக்கா எழுதிய ஒன்பது வரிகளை நான் திருடினேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். திருடியது அவர்தான் என்று எல்லாரும் நம்பியபோது வாய்மூடி நின்றேன்.

மூன்று வருடங்களாக இதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. என் கணவருக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்...

செரண்டாவில் உள்ள ஒரு தொழிற்சாலையில், பெட்டி அடுக்கும் லைனில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வருவோம். பஸ்ஸில் அவர் எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுப்பார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்தில் அம்மாவோடு வேலைக்குப் போனவர். நானோ ஐந்தாம் படிவம்வரை படித்து, எஸ்.பி.எம். தேர்வு முடித்தவள். இந்த வித்தியாசம் எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது. அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

லைனில் வேலை செய்கிறவர்களில் விருப்பமுள்ளவர்கள் கணினி நிரல் எழுதக் கற்கலாம் என்று கம்பெனி அறிவித்தது. வகுப்பு முடிந்ததும் ஒருவரை மட்டும் ஆபீசுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆறு பேர் பெயர் கொடுத்தோம். சனிக்கிழமை காலைகளில், எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில் வகுப்பு. புஞ்சாக் ஆலாமிலிருந்து ஓர் இளைஞர் வந்து சொல்லிக்கொடுத்தார். எங்களைவிடச் சின்னவர்தான். இருந்தாலும் சார் என்றே கூப்பிட்டோம்.

முதல் பயிற்சி, திரையில் நம் பெயரைத் தோன்றச் செய்வது. செய்தேன். அடுத்தது, இரண்டு எண்களை வாங்கிக் கூட்டுவது. இரண்டும் மூன்றும் கொடுத்தேன். இருபத்து மூன்று என்று வந்தது! எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டதால், கணினி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சரோஜாக்கா சிரிக்கவில்லை. என் திரையை எட்டிப் பார்த்து, "அதுக்கு இது நம்பர்னு தெரியல தேவி. நீதான் சொல்லணும்," என்றார்.

எப்படி அவருக்கு முன்பே புரிந்தது? அந்தக் கேள்வி என்னை அரித்தது.

ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கண்டுபிடிப்பது, ஏழாம் வாய்ப்பாட்டை எழுதவைப்பது... வாரத்துக்கு வாரம் அவர் முன்னே போனார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் இடம் வந்ததும் நான் நின்றுவிட்டேன். வரியின் தொடக்கத்தில் விடவேண்டிய இடைவெளி தப்பும். சிவப்பு எழுத்தில் பிழை வரும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று. வீட்டிலோ, "நான்தான் முதல்" என்று சொல்லிவைத்திருந்தேன்.

கடைசிப் பயிற்சி எங்கள் வேலையிலிருந்தே வந்தது. இருபது பெட்டிகளின் எடை கொடுக்கப்படும். எத்தனை பெட்டிகள் எடை குறைவு என்று எண்ணிச் சொல்லவேண்டும். ஒரு வாரம் அவகாசம்.

சரோஜாக்கா அன்றே எழுதி முடித்தார். வாய்க்குள் முனகிக்கொண்டே எழுதினார். "பெட்டி எண்ணும்போது ஒன்னுன்னுதானே ஆரம்பிப்போம்... அப்புறம் கடைசியில ஒன்னைக் கழிச்சிட்டாப் போச்சு." பொதுவாகப் பூச்சியத்திலிருந்து தொடங்குவார்கள். அவர் தனக்குத் தெரிந்த விதத்தில் ஒன்றிலிருந்து தொடங்கினார். விடை சரியாக வந்தது.

அவருடைய மகள் போனில் அழைத்தாள். பேசுவதற்காக வெளியே போனார். திரை திறந்தே இருந்தது.

நான் என் போனை எடுத்துப் படம் பிடித்தேன். கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் மதியம் முழுக்க அந்த ஒன்பது வரிகளோடு உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றினேன். ஒவ்வொரு வரியையும் அழித்துப் பார்த்தேன், இடம் மாற்றிப் பார்த்தேன். திடீரென்று எல்லாம் விளங்கியது. ஆம்... நிரல் எழுதுவதை நான் கற்றுக்கொண்டது அந்தத் திருட்டிலிருந்துதான். அவர் ஏன் ஒன்றிலிருந்து தொடங்கினார் என்பதும் புரிந்தது. அதையாவது நான் மாற்றியிருக்கலாம். மாற்றினால் உடைந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனி மேலாளரும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். சார் எங்கள் இருவரையும் முன்னால் அழைத்தார்.

"ரெண்டு பேரும் ஒன்னுல ஆரம்பிச்சு, கடைசியில ஒன்னைக் கழிச்சிருக்கீங்க. யாரும் இப்படி எழுத மாட்டாங்க. இதை யாரு எழுதுனது?"

சரோஜாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"சரி, ஏன் இப்படின்னு விளக்குங்க. சரோஜாக்கா, நீங்க முதல்ல."

நான்கு பேர் சேர்ந்து பார்த்தாலே அவருக்குப் பேச்சு வராது. பதினொரு வருடப் பழக்கம், எனக்கு அது நன்றாகத் தெரியும். திரையைக் கையால் காட்டினார். "இது... இங்க வந்து..." என்றார். அப்புறம் வார்த்தை வரவில்லை.

சார் என்னைப் பார்த்தார்.

அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது! வரி வரியாக விளக்கினேன். கடைசியில், "பெட்டி எண்ணும்போது ஒன்னுன்னுதானே சார் ஆரம்பிப்போம்?" என்றேன்.

மேலாளர் சிரித்துத் தலையசைத்தார். நான் அந்த வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டேன். சரோஜாக்காவின் நாக்கிலிருந்தே.

சரோஜாக்கா தன் இடத்துக்குப் போய், பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். என்னைப் பார்த்து எழுதியவர் என்று வகுப்பிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்கு ஆபீசில் நாற்காலி கிடைத்தது. லைனில் அவருக்கு 'காப்பி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் கேன்டீனில் அவர் காதில் விழும்படியே யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன் என்று நினைக்கிறேன். படம் பிடித்ததைக்கூட மன்னித்துக்கொள்ள எனக்குக் காரணங்கள் கிடைக்கின்றன. அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை...

சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டார். பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில், ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தெருவையே தவிர்த்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படியோ துணிந்து போய் நின்றேன். முன்பைவிட மெலிந்திருந்தார். பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"அக்கா... அன்னிக்கு அந்தப் புரோகிராம்... நான்தான்..."

"என்கிட்ட எதுக்கு லா சொல்றே?" குரலில் கோபமே இல்லை. "நான் எழுதுனது எனக்குத் தெரியாதா?"

"மன்னிச்சிடுங்கக்கா."

அவர் பொட்டலத்தை மடித்து நூல் கட்டினார்.

"அந்த சார்கிட்ட சொல்லு. மேனேஜர்கிட்ட சொல்லு. லைன்ல என்னைப் பார்த்துச் சிரிச்சாங்களே, அவங்ககிட்ட போயிச் சொல்லு. அதுக்கப்புறம் இங்க வா." எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மேலாளர் அறை வாசலில் நின்றேன். சொல்லவேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். கதவு திறந்தது.

"என்ன தேவி? ஏதாச்சும் விஷயமா?"

"லீவு பாரம் வேணும் சார்," என்றேன்.

படிவத்தை எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அதன் பிறகு அந்த வாசலில் நான் நிற்கவில்லை. சரோஜாக்கா கடைக்கும் போகவில்லை.

இப்போது உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்குச் சரோஜாக்காவைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிந்தது.