ரிக் வண்டி தேடிப்போன வருஷங்கள்

1. மொபெட் சாவி

எண்பதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு மோட்டார் பம்பு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி அண்ணாச்சி என்னைக் கடைக்குள் உட்காரவே விடவில்லை. பழைய மொபெட்டின் சாவியைக் கையில் கொடுத்தார்.

“காரியாபட்டியில இருந்து திருச்சுழி வரைக்கும் எங்கெங்க ரிக்கு வண்டி நிக்குதுன்னு எனக்குத் தெரியணும். தண்ணி வந்த அன்னைக்கே நம்ம ஆளு அங்க நிக்கணும். மறுநாள் போனா, அடுத்த கடை மோட்டாரு உள்ள இறங்கியிருக்கும்.”

இதுதான் என் வேலை. மழை பொய்த்து, கிணறுகள் வற்றி, எல்லாரும் நிலத்தைத் துளைத்துப் போர் போட ஆரம்பித்திருந்த காலம். ரிக் வண்டிகள் வெளியூரிலிருந்து வரும். துளை போடும் லாரி ஒன்று, கம்ப்ரசர் லாரி ஒன்று. அவை டீசல் போடும் பங்கில் விசாரிப்பேன். பஸ் கண்டக்டர்களைக் கேட்பேன். எதுவும் கிடைக்காவிட்டால், கரிசலில் பதிந்த இரட்டை டயர்த் தடத்தைப் பிடித்துப் போவேன். பாறையை உடைக்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூசி, மல்லிக் காட்டுக்கு மேலே புகை மாதிரி தெரியும். பக்கத்துக் கருவேல மரமெல்லாம் மாவு பூசியதுபோல் நிற்கும்.

போகிற இடத்திலெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். ஊர், காட்டுக்காரர் பெயர், மேல்மண் சரியாமல் இறக்கும் கேசிங் பைப் எத்தனை அடி, எந்த அடியில் தண்ணீர், நல்லதா உப்பா. எந்த மோட்டார் பொருந்தும் என்று அண்ணாச்சிக்குச் சொல்லத்தான் அந்த நோட்டு. வேறு எதற்கும் அது உதவும் என்று நான் நினைக்கவில்லை.

2. சொல்லாமல் நின்றது

பாலவனத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஒரு பெரியவர் போர் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காட்டைச் சுற்றி ஏற்கெனவே ரெண்டு போர் ஆழமாகப் போய் உப்பில் முடிந்திருந்தன. ரெண்டும் என் நோட்டில் இருந்தன. நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வந்தால் மோட்டார் விற்க வேண்டிய ஆள் நான். போரை நிறுத்தச் சொல்வது என் வேலையா என்று இருந்துவிட்டேன்.

உப்புதான் வந்தது. சில வாரத்தில் பக்கத்தில் இருந்த ஊர்க் குடிதண்ணீர்க் கிணறும் வாயில் வைக்க முடியாமல் போனது. மறுபடி அந்த வழியாகப் போனபோது, பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தி அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

3. ஒன்பதாவது ராடு

அடுத்த வருஷம் திருச்சுழிப் பக்கம் செல்லம்மாள் என்பவரின் காட்டில் ரிக் நிற்பதாகத் தகவல் வந்தது. அவர் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டினார். மூன்று ஏக்கரையும் பார்த்துக்கொண்டது செல்லம்மாள்தான். போருக்கு முப்பதடி தள்ளி ஒரு பழைய கிணறு. அவர்கள் தெரு முழுக்க அதில்தான் குடிதண்ணீர் எடுத்தது.

நான் போனபோது ஒன்பதாவது ராடு இறங்கிக்கொண்டிருந்தது. ராடு என்பது துளைக்குள் இறக்கும் இரும்புக் குழல்; ஒன்று இருபதடி. ஏழாவது ராடில் அரை இஞ்சு தண்ணீர் வந்திருக்கிறது. அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வண்டி ஏஜெண்டுக்கு அது போதவில்லை.

“இன்னும் நூறடி போவோம்க்கா. ரெண்டு இஞ்சு அடிக்கும் பாருங்க” என்றார்.

நோட்டைப் புரட்டினேன். சுற்றிலும் மூன்று போர். மூன்றும் இருநூறு அடியைத் தாண்டியதும் உப்பு. செல்லம்மாளிடம் போய்ச் சொன்னேன்.

“இதோட நிப்பாட்டிருங்கக்கா. கீழ உப்பு. அது மேல ஏறுனா கிணறும் போயிரும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க மோட்டாரு விக்க வந்தவுகதானே? தண்ணி கூட வந்தா ஒங்களுக்குத்தான நல்லது?”

“ஆமாக்கா. போன வருஷம் ஒரு ஊர்ல தெரிஞ்சும் சொல்லாம நின்னேன். அவுக இப்பக் குடிதண்ணிக்கு நடக்குறாக.”

செல்லம்மாள் கிணற்றுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்தினார்: “நிப்பாட்டுங்கய்யா! இருக்குறது போதும்.”

ஏஜெண்டு என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. செல்லம்மாள் குறுக்கே வந்தார். “அவுகள எதுக்கு வையிறீக? நிப்பாட்டச் சொன்னது நானு. எங்க தெருவுக்கே உள்ள கிணத்த வச்சு நான் வெளையாட முடியாது.”

அவருக்குக் கடையில் இருந்ததிலேயே சின்ன மோட்டாரைத்தான் விற்றேன்.

4. கவுண்டரில் பத்து நாள்

ஏஜெண்டு நேரே அண்ணாச்சியிடம் போனார். “ஒங்க ஆளு என் தொழிலக் கெடுக்குறான். இனி எந்த வண்டிக்காரனும் ஒங்க கடையக் கைகாட்ட மாட்டான்.”

அண்ணாச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மொபெட் சாவியை வாங்கிக்கொண்டார். பத்து நாள் கவுண்டரில் போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

பதினோராம் நாள் செல்லம்மாள் கடைக்குள் நுழைந்தார். கூட விவசாயம் பார்க்கும் இரண்டு சம்சாரிகள். அவர் காட்டிலிருந்து அரை மைல் தள்ளி, அதே வண்டி பன்னிரண்டாவது ராடை இறக்கியபோது உப்புத் தண்ணீர் பீறிட்டதாம்.

“இவுக ரெண்டு பேரும் போர் போடப் போறாக. அந்த நோட்டுக்காரர் எங்க? பாத்துச் சொல்லச் சொல்லுங்க” என்றார்.

அண்ணாச்சி நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வாடிக்கையாளர் இருவர் காத்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“ஏலே, இத முன்னாடியே காட்டியிருக்கலாம்ல? போ, இவுககூடப் போய்ப் பாத்துட்டு வா.”

அண்ணாச்சி மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவரிடம் நன்றியோடு இருக்கிறேன். செல்லம்மாளுக்கு அதைவிட அதிகமாகவே கடன்பட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத என் பேச்சை நம்பித் தன் போரை நிறுத்தியவர் அவர்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்தது அடுத்தவர் வாழ்க்கையைத் தொடுகிறது என்றால், அதைச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

தொண்ணூறுகளில் ரிக் வண்டியைத் தேடி நான் அலைவது குறைந்துவிட்டது. ஒரு நாள் காலையில் திருச்சுழி பஸ் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே கத்தினார்:

“அண்ணே, செல்லம்மாக்கா சொல்லிவிட்டாக! அவுக ஊருல வண்டி வந்து நிக்குதாம். நீங்க வந்து நோட்டப் பாத்துச் சொல்றவரைக்கும் ராடு இறக்க விட மாட்டாகளாம்!”