என் பெயரில் குறைந்த சுகர்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், வரிசையாகக் கட்டிவிட்ட ஐந்து வாடகை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான். எனக்கு ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. எனக்கு வண்டிகளுக்கு வயர் கட்டு செய்து கொடுக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு வயர் இடம் மாறிச் சொருகியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. நான் செய்த தப்பை நானே ஆறு மாதம் கண்டுபிடிக்காமல் இருந்த கதைதான் இது.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். ஆந்திர, கர்நாடக எல்லையோரம் இருக்கும் பேரிகைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுவார், பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். அதுவரைக்கும் ஊரில் களையெடுப்பு, அறுப்பு என்று காட்டு வேலைதான் செய்துகொண்டிருந்தார். மகன் இங்கே வேலைக்கு வந்த பிறகு கூடவே வந்து, எங்கள் கம்பெனி கேண்டீனில் காண்ட்ராக்டர் ஆளாகச் சேர்ந்தார். காய் நறுக்குவது, கீரை ஆய்வது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவர்தான்.

அக்காவுக்குக் காலில் ஒரு புண் ஆறவே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, சுகர் ரொம்ப ஏறியிருக்கிறது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். ஒரு தனியார் கிளினிக்கில் ஒரு மாதம் பார்த்தார். அதற்கு மேல் கட்டுப்படியாகவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால், அங்கே சுகர் பார்க்கிற நாள் அவருடைய வார லீவு அன்று வருவதில்லை, ஒரு நாள் லீவு போட்டாலும் வேலைக்கு வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

எனக்கு இ.எஸ்.ஐ. கார்டு உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், அவர்கள் டிஸ்பென்சரியில் வைத்தியமும் மாத்திரையும் இலவசம். நானோ தலைவலி என்றால் ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு வேலைக்குப் போகிற ரகம். கார்டு பீரோவுக்குள் சும்மா கிடந்தது. எங்கள் ஐந்து வீட்டிலும் எதற்கும் கைமாற்று உண்டு. சிலிண்டர் தீர்ந்தால் சிலிண்டர், விருந்தாளி வந்தால் பாய், தலையணை. கார்டும் அந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

"என் கார்டுல போயி மாத்திரை வாங்கிக்கோங்கக்கா. உங்க வார லீவு அன்னைக்குப் போனாப் போதும்" என்றேன்.

"தப்பாயிடாதா கண்ணு?" என்று அக்கா தயங்கினார்.

"என்னக்கா தப்பு? என் காசு, உங்க மாத்திரை" என்று நான்தான் பெரிய மனுஷி மாதிரிப் பேசினேன்.

கார்டில் இருந்த குடும்பப் போட்டோவில், ஜெராக்ஸ் எடுத்து எடுத்து என் முகம் கரிச்சட்டி மாதிரி ஆகியிருந்தது. அது நானாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம், என் கணவராகக்கூட இருக்கலாம். வாயில் மாஸ்க் வேறு. அதனால் பேர் சொல்வதற்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. அக்கா தன் வீட்டுக்காரர் பேரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகனைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் என் வீட்டுக்காரர் பேரை மட்டும் கடகடவென்று சொல்லப் பழகிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து போய்விடுவார்.

ஆறு மாதம் இப்படியே ஓடியது. புண் ஆறிவிட்டது. அக்கா முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. ஒரு உயிரையே காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நான் கால் தரையில் படாமல்தான் நடந்தேன்.

அந்தக் கார்த்திகையில் ஊரே காய்ச்சலில் கிடந்தது. எனக்கும் நான்கு நாளாக விடவில்லை. கணவர் பிடிவாதமாக வண்டியில் உட்காரவைத்து இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிசல்ட்டோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அங்கே புதிதாக மாறுதலில் வந்திருந்த டாக்டரம்மா அவர். பழைய சீட்டு, கம்ப்யூட்டர் இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லம்மா, சாதாரண வைரஸ்தான். ஆனா சுகரைப் பாருங்க! ஆறு மாசத்துக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்கு! எடை வேற எழுபத்தொண்ணுல இருந்து ஐம்பத்திரண்டு! என்னம்மா பண்ணீங்க?"

நான் என்ன பண்ணினேன், ஒன்றும் பண்ணவில்லை. டாக்டரம்மா விடவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, இவங்களைப் பாருங்க, நாம சொல்றதைக் கேட்டு நடந்தா எப்படிக் குறையுதுன்னு மத்தவங்களுக்கும் சொல்லணும் என்றார். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். கணவர் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காய்ச்சல் போய் வேர்த்துக் கொட்டியது.

"இனிமே இவ்வளவு மாத்திரை வேணாம். பாதியாக் குறைச்சிடலாம். அடுத்த மாசம் பார்த்துட்டு நிறுத்தவே செய்யலாம்" என்று எழுத ஆரம்பித்தார்.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. அந்தச் சீட்டில் இருந்த சுகர் அக்காவுடையது. கையில் இருந்த ரிசல்ட் என்னுடையது. என் ரத்தத்தைப் பார்த்து அக்காவின் மாத்திரையைக் குறைக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தால் அடுத்த மாதம் அக்காவுக்குப் பாதி மாத்திரைதான் கிடைக்கும், அதற்கடுத்த மாதம் அதுவும் இல்லை. வாயைத் திறந்தால் ஆள் மாறாட்டம். கம்பெனிக்குத் தெரிந்தால் என் வேலை என்னாகும்? இரண்டு பிள்ளைகளின் படிப்பு என்னாகும்? உண்மையைச் சொல்கிறேன், எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாத்திரையை வெளியில் நானே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே இன்னொன்று கேட்டார். "ஆமா, கண்ணு எப்படி இருக்கு? இடது கண்ணுல கறுப்பா நூல் மாதிரி ஓடுது, புகை போட்ட மாதிரி இருக்குன்னு சொல்லியிருக்கீங்களே. கண் டாக்டருக்கு லெட்டர் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. போனீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா என்னிடம் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது என்பது எனக்கே தெரிந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நர்ஸிடம் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு கிடைத்த திட்டை என் அம்மாகூட எனக்குக் கொடுத்ததில்லை. நீ மயங்கி விழுந்து, சுகர் நோயாளி என்று நினைத்து யாராவது உனக்கு இன்சுலின் போட்டிருந்தால் உன் கதை அங்கேயே முடிந்திருக்கும், தெரியுமா என்றார். இந்தப் பதிவை உள்ளபடி திருத்தி எழுதத்தான் போகிறேன், இனி ஒரு தரம் நடந்தால் நானே புகார் கொடுப்பேன் என்றார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, அக்கா எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

"கம்பெனி கேட்டுக்குள்ள இருக்கிற கேண்டீன்தானே? அப்ப அவங்களுக்கே தனியா இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கணுமேம்மா. நீ கார்டு கொடுத்ததுக்குப் பதிலா அதைக் கேட்டிருக்கலாமே" என்றார். கண் விஷயம் காத்திருக்காது, நாளைக்கே கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரிக்கு அவருடைய சொந்தப் பேரில் கூட்டிப் போ, அதற்கு எந்தக் கார்டும் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது இதுதான்: "உன் வேலைக்கு ஒண்ணும் ஆவலியே கண்ணு?"

கண்ணை ஏன் மறைத்தீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். அக்கா சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார். "கண்ணுக்கு லெட்டர் எழுதிக் குடுத்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரில ஆதார் கேப்பாங்களாம், கைரேகை வெக்கணுமாம். நான் வெச்சா உன் ரேகை வருமா? மாட்டிக்கினா உனக்குத்தானே கெட்ட பேரு. ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்குதுன்னு விட்டுட்டேன்."

கேண்டீன் வேலையை எப்படிச் சமாளித்தீர்கள் என்றதற்கு, கீரை ஆயும்போதுதான் சிரமம், கீரை எது புல்லு எது என்று சரியாகத் தெரிவதில்லை என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்கு முந்தின மாதம் கீரைக் கூட்டில் புல் கிடக்கிறது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் சூப்பர்வைசரிடம் போய் நின்றது நான்தான். நாலு பேர் பார்க்க, "செக் பண்ணித்தான் சமைக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தேன். அன்றைக்குத் திட்டு வாங்கியது அக்கா என்பதும் எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதேன். அவர்தான் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் அவரும் மகனும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார்கள். நான் நேராக ஹெச்.ஆர். அதிகாரியிடம் போனேன். அக்காவுக்குச் சுகர், கண் வரைக்கும் போய்விட்டது, அவருக்கு ஏன் இ.எஸ்.ஐ. இல்லை என்று கேட்டேன். அவர் காண்ட்ராக்டரைப் போனில் பிடித்தார். யாரோ கல்யாண லீவில் போனதற்குப் பத்து நாள் மாற்றாளாக வந்தவராம் அக்கா. லீவில் போனவர் திரும்பி வரவேயில்லை. அக்கா அப்படியே இருந்துவிட்டார். இரண்டு வருஷம் ஆகியும் காண்ட்ராக்டர் நோட்டில் அவர் பத்து நாள் ஆள்தான்! அக்காவும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. தினமும் அவர் கையால் சாப்பிட்ட எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இத்தனை நாள் இவர் மாத்திரை எங்கே வாங்கினார் என்று ஹெச்.ஆர். என்னைக் கேட்டபோது, மறைக்காமல் கார்டு விஷயத்தையும் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். இது வேலையே போகிற காரியம், இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே அக்காவுக்கு நம்பர் வந்தது. அக்காவுக்கு மட்டுமல்ல, கேண்டீனில் அதே மாதிரி விட்டுப்போயிருந்த இன்னும் மூன்று பேருக்கும் வந்தது.

கிருஷ்ணகிரியில் சுகர் கண்ணின் உள்ளே ரத்தக் குழாயைக் கெடுத்திருக்கிறது என்றார்கள். லேசர் வைத்தார்கள். இன்னும் சில மாதம் தள்ளிப் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். இடது கண்ணில் போன பார்வை முழுசாகத் திரும்பவில்லை, ஓரத்தில் இன்னும் மங்கல்தான். ஆனால் அதற்கு மேல் போகாமல் நின்றுவிட்டது, வலது கண் தப்பித்தது. கார்டு பிரிண்ட் வந்த அன்று அக்கா அதை என்னிடம் கொடுத்து, அதில் எழுதியிருக்கிற பேரை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். மறுபடி வாசித்தேன். அவருடைய போட்டோ நல்ல தெளிவாக விழுந்திருந்தது.

போன மாதம் மத்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார் அக்கா. வந்ததும் மாதாந்தரச் செக்கப். அங்கிருந்து திரும்பும்போதே வாசலில் அவர் குரல் கேட்டது, மூன்று பாஷையிலும்.

"அந்த டாக்டரம்மா என்னைப் புடிச்சி என்னா திட்டு திட்டுது தெரியுமா? போன மாசம் நல்லா இருந்துச்சே, இப்ப ஏன் ஏறிச்சி, கல்யாணத்துல எத்தினி ஜிலேபி தின்னேன்னு கேக்குது! நான் கல்யாணத்துக்குப் போறேன்னு எப்பவோ சொன்னதை நெனப்பு வெச்சிருக்குது!"

எத்தனை தின்றீர்கள் என்று கேட்டேன். நாலு என்று விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார். திட்டு வாங்கிவிட்டு வந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஒருவர் கைக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் ஏறியது என்று அவரையே, அவர் பேரைச் சொல்லியே கேட்டுத் திட்டுவதற்கு ஒரு டாக்டர் இருப்பதும் வைத்தியம்தான் என்பதை, அக்கா முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு மாதமும் நினைத்துக்கொள்கிறேன்.