விரதத்தோடு இறங்கிய கடல்

புலம்பெயர்ந்து குடியிருக்கும் ஓல்டனின் ஸ்டேஷனில் இறங்கியபோது தவராஜாவின் தோள்கள் அவருடையவை போலவே இல்லை. அத்திலாந்திக் நடுவில், ஒரு குடியும் இல்லாத எரிமலைத் தீவில் மூன்று கிழமை கல் சுமந்த தோள்கள். வீடு கிட்டத்தான். ஆனாலும் வழியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். களைப்பைவிடப் பெரிய பாரம், மனைவி வதனி கேட்கப்போகும் கேள்வி.

பிள்ளை வரம் வேண்டி, அந்த வருசம், தொண்ணூற்றாறில், இருவரும் கந்தசட்டி விரதம் நேர்ந்திருந்தார்கள். ஆறு நாளும் பகலில் தண்ணீர், இரவில் ஒரு கிளாஸ் பால். சேர்ந்து பிடித்தால்தான் பலன் என்பது வதனியின் முடிவு. முதியோர் இல்ல வேலையோடு அவள் இங்கே பிடித்தாள், அவர் அங்கே.

அவரைக் கூட்டிப்போனது எரிமலை ஆய்வாளர் ஊர்சுலா. அவர் பருவத்துக்குப் போய்ச் சமைக்கும் எங்கடின் மலைப்பக்க ஹோட்டலுக்கு வந்துபோகிறவள். ஊரில் சங்கு குளித்தவர் என்று அறிந்து, ஏரியில் சிலிண்டர் கட்டி முழுகப் பழக்கி, தன் ஆய்வுப் பயணத்தில் சமையலுக்கும் முழுக்குக்குமாக வரக் கேட்டாள். ஊரில் போர் வந்து கடற்படை கடலை மூடிய நாளிலிருந்து அவர் கடலடியைக் கண்டதில்லை. அந்த ஆசைதான் இழுத்துக்கொண்டு போனது.

தீவெங்கும் கறுப்புக் கசடு. மிதித்தால் நொறுங்கியது, கையூன்றினால் கிழித்தது. காலையில் எரிமலையின் வாய்வரை ஏறி, கந்தகம் நாறும் வெடிப்புகளில் கல் பொறுக்குவார்கள், மத்தியானம் கடல். சமைக்கிறவன் சாப்பிட்டானா என்று யார் பார்ப்பது? அவரும் சொல்லவில்லை. சொன்னால் ஊர்சுலா தண்ணீரில் இறங்க விடமாட்டாள்.

விரதத்தின் ஐந்தாம் நாள், மலையிலிருந்து இறங்கி நேரே முழுகினார்கள். அடியில் பாறைப் பிளவுகளிலிருந்து குமிழிகள் சரஞ்சரமாக எழுந்தன. கையை நீட்டினார், இளஞ்சூடு. அதற்குள் பிளவு இரண்டாகி, நாலாகி, பார்வை மங்கியது. சிலிண்டர்ப் பட்டியைப் பிடித்து ஊர்சுலாதான் மெல்ல மேலே கொண்டுவந்தாள்.

படகில் அவரை ஏற்றியதும், “எப்போது சாப்பிட்டாய்?” என்றாள்.

சொன்னார்.

அவள் திட்டவில்லை. சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியும் வெண்ணெய் தடவிய பாணும் நீட்டி, தின்று முடிக்கும்வரை நின்றாள். “உன்னை இனி இறக்கமாட்டேன். சோடி இல்லாமல் நானும் இறங்க முடியாது. கடல் வேலை இத்தோடு சரி.” பிறகு எல்லா நாளும் மலைதான்.

வதனி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “இஞ்சாருங்கோ, விரதம் முடிச்சு அங்க பாறணைக்கு என்ன சமைச்சனீங்கள்?”

“பாறணை இல்லை. அஞ்சாம் நாள் முறிச்சுப்போட்டன்.”

“பசி தாங்கேலாமலோ?”

“பசியெண்டால் தாங்கியிருப்பன். தண்ணிக்கடியில மயங்கிப் போனன்.”

அகப்பை அந்தரத்தில் நின்றது. “வெறுவயித்தோட முழுகினனீங்களோ? நான் பிள்ளைக்கு நேர, நீங்கள் என்னை விதவையாக்கப் பார்த்தனீங்கள்.”

“நீர் ஆறு நாளும் பிடிச்சனீர்தானே. அது காணாதோ?”

“முருகனோட பேரம் பேசச் சொல்லுறியளோ?” குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான்.

“ஊர்சுலா வாற வருசமும் கூப்பிட்டவ. சமைக்க மட்டும். தண்ணிக்கு விடமாட்டாவாம்.”

“போவியளோ?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “இல்லை. அவையள் இறங்கிறதைக் கரையில நிண்டு பார்த்துக்கொண்டு பருப்பவிக்க என்னால ஏலாது.”

“அப்ப இஞ்ச நிண்டு ரெண்டுபேருமாப் பிடிப்பம். இப்ப சாப்பிடுங்கோ.”

பாதிச் சாப்பாட்டிலேயே அவருக்குக் கண் செருகியது.