எனக்குக் கிடைத்த வவுனியா இடம்

கையில் ஒரு துணிப்பை, வாயில் கொழும்புக்கு வர வவுனியாவில் ஆமியிடம் பயண பாஸ் எடுக்க அவள் பட்ட பாட்டின் கதை. மாமாவின் மகள், என் மச்சாள், எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுப் படியேறி வந்த காலை அப்படியே நினைவில் இருக்கிறது. அவளைத் தேநீர் குடிக்கக்கூட விடாமல் அப்பா பொலிஸில் பதியக் கூட்டிக்கொண்டு போனார். யுத்தகாலத்தில் வடக்கிலிருந்து வந்தவரைப் பதியாமல் வீட்டில் வைத்திருக்க முடியாது. வந்த காரணம் என்ற இடத்தில் ஆசிரியர் கலாசாலை நேர்முகப் பரீட்சை என்று எழுதினார்கள். அதே கிழமைதான் எனக்கு மருத்துவ பீட அனுமதிக் கடிதம் வந்திருந்தது. வவுனியா மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடங்களில் கடைசி இடம்.

நான் வவுனியாவில் படித்தேன் என்பது கடதாசியில் மட்டும் உண்மை. பின்தங்கிய மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு என்பதால், மாமா வீட்டு விலாசத்தைக் கொடுத்து அங்கே ஒரு பாடசாலையில் அப்பா என்னைச் சேர்த்திருந்தார். எங்கள் ஒழுங்கையில் இதைச் செய்தது நாங்கள் மட்டுமல்ல. தவணைப் பரீட்சைக்கு ரயிலேறுவேன்; மற்ற நாட்களில் வெள்ளவத்தை டியூட்டரியில் படிப்பேன். வவுனியா வகுப்பில் டீச்சர் வரவு இடாப்புக் கூப்பிடும்போது, அதே வகுப்பில் இருந்த மச்சாளே என் பெயருக்கும் குரல் கொடுப்பாள். வகுப்பில் பாதிப் பேர் இடம்பெயர்ந்து வந்தவர்கள், டீச்சருக்கு எந்த முகமும் பிடிபட்டிருக்கவில்லை. நானும் மச்சாளும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், வெட்கமில்லாமல்.

கடிதம் வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கொழும்புப் பிள்ளைகள் வன்னிப் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று பேப்பர்களில் ஒரே சண்டை. அங்குள்ள பெற்றோர் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் போடப் போகிறார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"தமிழ்ப் பிள்ளையளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டித் தரப்படுத்தல் வந்து உன்ர சித்தப்பாவுக்குக் கம்பஸ் இல்லாமல் போகேக்க ஆர் வந்து நியாயம் கதைச்சவை? இப்ப உனக்கு மட்டும் நியாயம் பிடிச்சிட்டுதோ?"

தம்பி இழந்ததை மகளுக்காவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அலைந்த மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை.

நேர்முகப் பரீட்சை முடித்து மச்சாள் திரும்பி வந்த அன்று மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றோம். அவளும் அதே மாவட்டத்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் இருந்தவள். கேட்டேவிட்டேன்.

"நான் போகாமல் விட்டால் அடுத்த ஆள் நீயோ?"

"விசரி. எனக்கு முன்னால இன்னும் மூண்டு பேர் நிக்கினம். நீ விட்டால் அதுகளில ஆருக்கோதான் போகும். பேசாமல் போய்ப் படி."

கீழே இறங்கி வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். அடுத்த மாதம் பீடத்துக்குப் போனேன்.

மச்சாள் வவுனியாவிலேயே உயிரியல் படிப்பித்தாள். அவளிடம் படித்துவிட்டு வந்த டொக்டர்கள் எத்தனையோ பேர் என் வாட்டில் வேலை செய்திருக்கிறார்கள். போன வருடம் அவள் ஓய்வு பெற்றபோது போயிருந்தேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே, ஏதோ பழைய பகிடி சொல்வதைப் போலச் சொன்னாள்.

"எனக்கு முன்னால ஒருத்தரும் நிக்கேல்லையடி. அடுத்த ஆள் நான்தான். நேர்முகத்துக்குப் போன அண்டே கம்பஸ் அனுமதிக் கந்தோரில பட்டியலைக் கேட்டுப் பாத்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ விட்டிருப்பாய். உன்ர அப்பா உடைஞ்சு போயிருப்பார்."

நான் விட்டிருப்பேன் என்று இத்தனை வருடமாக அவள் நம்பியிருக்கிறாள். ஓம் என்று தலையாட்டினேன். அதைத் தவிர அவளுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அந்தக் கந்தோருக்கு எங்கள் ஒழுங்கை முனையிலிருந்து ஒரே பஸ். கொழும்பு தெரியாத பெண், பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அரைகுறைச் சிங்களத்தில் வழி கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த நான் போகவில்லை. போனால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.