ஓதீலியா சுட்ட கறி

நொகோயா என்ற ஊரில் இறைச்சிக் கடை நடத்தி வந்த ஓதீலியாவுக்கு அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த கோபம் ஒரே நாளில் வந்ததல்ல. இருபத்திரண்டு வருடமாகச் சேர்ந்து கிடந்த கோபம். அதைக் கிளறிவிட்டவள் பெல்மிரா என்கிற வாடிக்கைக்காரி.

"விலா எலும்பு ரெண்டு கிலோ போடு ஓதீலியா. அப்படியே உன் புருஷன்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லேன், தணல்ல எலும்புப் பக்கம் எவ்வளவு நேரம் வைக்கணும்னு. எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் கறியைச் செருப்புத் தோலாட்டம் ஆக்கிடறார்."

கேட்டுச் சொல்ல வேண்டுமாம்! யாரிடம்? தணலுக்கும் தீக்கும் வித்தியாசம் தெரியாத ரெமிஹியோவிடம்! ஓதீலியா கத்தியைப் பலகையில் போட்ட சத்தத்தில் பெல்மிரா ஓரடி பின்னால் போனாள்.

"எலும்புப் பக்கம் கீழே இருக்கணும். முக்கால்வாசி நேரம் அப்படியே கிடக்கட்டும். ஒரே ஒரு தடவை திருப்பினா போதும். இதுக்கு எவனையும் கேக்க வேண்டாம்."

"அடேயப்பா! புருஷன் பண்றதைப் பாத்துப் பாத்தே நீயும் கத்துக்கிட்டியே!" என்று பெல்மிரா சிரித்தாள்.

ஓதீலியா பிறந்ததே இந்தக் கடையின் பின்கட்டில்தான். பத்து வயதில் ஒரு தொடையை எலும்பு வேறு சதை வேறாகப் பிரிப்பாள். கறி சுட அப்பா விறகைக் கொளுத்திவிட்டு முன்னால் வியாபாரம் பார்க்கப் போனால், தணலைப் பார்த்துக்கொண்டது அவள்தான். முள்வேல விறகை எரியவிட்டு, தீ முழுக்க அடங்கி கங்காகும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு கங்கை மட்டும் வாரிக் கம்பித்தட்டுக்கு அடியில் பரப்ப வேண்டும். கறி கிடக்கும் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து ஏழு எண்ணும்வரை தாங்க முடிந்தால் சூடு சரி. மேலே உப்பு, அவ்வளவுதான். இதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுவது போல.

லாரி ஓட்டும் ரெமிஹியோவைக் கட்டிக்கொண்ட மறு வருடம், நாத்தனார் நெலீதாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். முன்முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே முப்பது உறவுக்காரர்கள். வீட்டுக்காரன் ரெமிஹியோவோ காலையிலேயே வைனை ஏற்றிக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடந்தான். சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருந்த அடுப்பில் ஓதீலியாவே எல்லாவற்றையும் சுட்டு முடித்தாள். கறி வெந்த வாசனைக்கு எழுந்த அந்த மகராசன் முகத்தைக் கழுவி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனான். "அசாதோ சுட்டவருக்கு ஒரு கைத்தட்டல்!" என்று, அசாதோ என்கிற தணல்கறி விருந்தின் வழக்கப்படி யாரோ குரல் கொடுக்க, எல்லாரும் தட்டினார்கள். அவன் குனிந்து வணங்கினான். காய்கறிக் கிண்ணத்தோடு பின்னால் நின்ற ஓதீலியாவும் அன்றைக்குச் சிரித்தாள். செய்த முட்டாள்தனம் அதுதான்.

அடுத்த ஞாயிறும் "குண்டம்மா, இன்னிக்கும் நீயே பாத்துக்கோயேன்" என்றான். அதற்கடுத்த ஞாயிறு கேட்கக்கூட இல்லை. ஒருவருக்கும் தெரியாமல் எப்படிப் போயிற்று என்றால், சுடுகிறவனின் தீயை நெருங்குவது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. அடுத்தவன் தணலில் குச்சி விடுவதும் அவன் சட்டைப்பையில் கைவிடுவதும் ஒன்று. அந்த மரியாதையைப் போர்த்திக்கொண்டுதான் ஒரு திருடன் இத்தனை வருடம் ஊரில் பெரிய மனிதனாக உலவினான்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் ரெமிஹியோ மெல்ல ஆரம்பித்தான். கால்பந்துச் சங்கத்து மைதானத்தில் புது அடுப்பு கட்டியிருக்கிறார்கள். மறுநாள் திறப்பு விழா, அறுபது பேர். சங்கத் தலைவர் பெத்ரோனி அவனைத்தான் சுடச் சொல்லியிருக்கிறார். இவனும் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"அங்க சுவர் கிவர் ஒண்ணும் கிடையாது குண்டம்மா. நாலு பக்கமும் திறந்த இடம். நீ தட்டு எடுத்துக் குடுக்கிற மாதிரி பக்கத்துல நில்லு. எப்பத் திருப்பணும்னு காதுல சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"காதுல சொல்லணுமா? ஏன், என் குரல் கேட்டா கறி வேகாதா?" ஓதீலியா தட்டைத் தள்ளினாள். "நல்லாக் கேட்டுக்கோ. எல்லார் முன்னாடியும் 'இத்தனை வருஷமா சுட்டது நான் இல்ல, என் பொண்டாட்டி'ன்னு வாயைத் தொறந்து சொல்லு. அடுத்த நிமிஷம் தீக்கிட்ட வந்து நிப்பேன். சொல்லலையா, நான்பாட்டுக்குத் தக்காளி வெட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அறுபது பேரும் பட்டினியாப் போகட்டும்."

"ஊரே சிரிக்குமேடி!"

"சிரிக்கட்டும். நான் அழுதப்ப எவன் வந்து கேட்டான்?"

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னபடியே செய்தாள். பெண்கள் மேசையில் நெலீதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி வெட்டினாள். ரெமிஹியோ விறகைக் கொளுத்தி, அது கொழுந்துவிட்டு எரியும்போதே கறியை மேலே ஏற்றினான். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ எகிறியது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருவனும் கிட்டே போகவில்லை. சுடுகிறவனின் தீயாயிற்றே!

"அண்ணி, என்ன இது? அண்ணன் தீயிலயே போட்டுப் பொசுக்கறாரே!" என்றாள் நெலீதா.

"உங்க அண்ணனையே கேளு."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் அடுப்பைவிட்டு நகரவில்லை. தன் கடையில், தன் கையால் பார்த்துப் பார்த்து வெட்டின கறி. அது கருகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணமா? இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தாள். ரெமிஹியோ வேர்த்து வழிந்தபடி அவளைப் பார்த்தான். அவள் இன்னொரு தக்காளியை எடுத்தாள்.

கடைசியில் அவன் முள்கரண்டியைக் கீழே போட்டான்.

"எல்லாரும் கேளுங்க! நான் ஒரு நாள்கூட சுட்டதில்ல. எனக்குச் சுடவே தெரியாது. எங்க வீட்ல நீங்க தின்னதெல்லாம் ஓதீலியா சுட்டது!"

ஓதீலியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கறியை இறக்கினாள். கரிந்ததைச் சுரண்டினாள். எரிகிற கட்டைகளை ஓரம் தள்ளி, கங்குக்காகக் காத்திருந்தாள். பிறகு எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி எல்லாவற்றையும் திரும்பப் பரப்பினாள். ஒன்றரை மணி நேரம் யாரும் அவளோடு பேசவில்லை. ஆனால் கொழுப்பு கங்கில் சொட்டி, அந்தப் புகை மேசைப் பக்கம் போனதும் ஒவ்வொருத்தராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் தட்டு மேசைக்குப் போனது. பெல்மிரா ஒரு துண்டைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பெத்ரோனி கோப்பையோடு எழுந்தார்.

"ஒரு கைத்தட்டல்!"

ஓதீலியா முதுகை நிமிர்த்தினாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"இத்தனை பேர் முன்னாடி உண்மையை ஒத்துக்கிற தைரியம் எவனுக்குய்யா வரும்? ஆம்பளைன்னா இவன்தான் ஆம்பளை! நம்ம ரெமிஹியோவுக்கு!" என்று முடித்தார் பெத்ரோனி.

அறுபது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். பெல்மிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெமிஹியோ, வெட்கம்கெட்டவன், குனிந்து வணங்கினான்!

அடப்பாவிகளா! பொய் சொன்னதற்கும் அவனுக்கே, பொய்யை ஒத்துக்கொண்டதற்கும் அவனுக்கேவா?

ஓதீலியா கம்பித்தட்டுப் பக்கம் திரும்பினாள். விலாவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைக் கறி, மாட்டிலேயே ருசியான துண்டு, அதை முழுசாகத் தட்டில் எடுத்துக்கொண்டாள். பெத்ரோனியின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்து வெட்டினாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு, வெட்டிய இடத்தில் சாறு ஊறியது. வாயில் போட்டாள். உப்பு, புகை, உருகின கொழுப்பு. பிரமாதமாக இருந்தது.

"அண்ணி, மீதிக் கறியெல்லாம் தணல்மேலயே கிடக்கே!" என்று நெலீதா ஓடி வந்தாள். "கருகிடப்போகுது. யாரு எடுக்கிறது?"

"அதான் தைரியசாலி நிக்கிறாரே, அவரு எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஓதீலியா அடுத்த துண்டை வெட்டினாள்.