பள்ளத்தில் படுத்த புகை

பெங்களூர் வானிலை ஆபீசில் தினமும் காலையில் பலூன் விட்டு மேல்காற்றை அளப்பது என் வேலை. மில்லில் பாய்லருக்குக் கரி போடும் ஒருவர், புருவமெல்லாம் கரித்தூளோடு வாசலில் நிற்பார். பலூன் மறையும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் கேட்டார்: “எம் பொண்ணுக்கு மூச்சு இழுப்பு சார். நந்தி மலை அடிவாரத்துல எங்கக்கா வூட்ல வுட்டா காத்து நல்லாருக்குமா?”

“மலைப்பக்கம் காத்து ஜோரா அடிக்குது. அனுப்புங்க” என்றேன்.

பனிக்காலம் முடிந்து வந்தார்.

“மேல காத்து நீங்க சொன்னாப்பலதான் சார் இருந்துச்சு. அடிவாரத்துல இருக்குற செங்கச்சூளைப் புகைதான் மலையத் தாண்டாம, காலையில பள்ளத்துலயே படுத்துக்கிச்சு. பொண்ணு போயிடுச்சு.”

குரலில் கோபமே இல்லை. நான் அளந்தது பலூன் போன உயரத்துக் காற்றை. அந்தக் குழந்தை மூச்சுவிட்டது அதற்கெல்லாம் கீழே.

மறுநாளும் வாசலில் நின்றார். பலூன் ஏறியது. அவர் நிமிரவில்லை.